மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். அப்புறம் நம்ம மக்கு

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து டீக்கடையிலோ பள்ளிக்கூட வாசலிலோ கொஞ்ச நேரம் நின்றால் போதும். புத்தி மந்தம் என்று ஒருவரைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மக்கு, மண்டு, தத்தி, கூமுட்டை, மரமண்டை, மண்ணாந்தை, பேக்கு, மாங்கா மடையன், வெவரங்கெட்டவன். இதில் தினமும் அதிகம் செலவாகிற சொல் மக்கு. பெரும்பாலும் பிள்ளைகள் மேல்தான் செலவாகிறது. அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டே போனவர்களை எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். அதனால் இதைப் பற்றி ஒருமுறை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

எழுத உட்கார்ந்தபோது மனம் நேராக ஏலாக்குறிச்சிக்குப் போனது. காரணம் இருக்கிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமானூர் பக்கம் இருக்கிறது ஏலாக்குறிச்சி. இன்றைக்கு அரியலூர் மாவட்டம். அங்கே உள்ள அடைக்கல மாதா கோயிலுக்கு எந்த மதத்துக்காரரும் போய் வருவார்கள். அந்தக் கோயிலோடு சேர்ந்தே நினைக்கப்படுகிறவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1710இல் இந்தியாவுக்கு வந்தார். நம் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கித் தமிழ் படித்தார். ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அழைத்தார். அந்த ஊர் அன்னை மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் அவர் செய்தவை. பேச்சுத் தமிழுக்கென்று தனியாக ஒரு இலக்கணமே எழுதினார். 1732இல் அவர் முடித்த சதுரகராதிதான் தமிழில் அகரவரிசைப்படி அமைந்த முதல் அகராதி என்று மதிக்கப்படுகிறது. அதுவரை நிகண்டுகளை மனப்பாடம் செய்துதான் சொற்பொருள் தெரிந்துகொண்டார்கள்.

அதே மனிதர்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் படித்துப் பழகுவதற்காக, எளிய உரைநடையில், சிரித்துக்கொண்டே படிக்கிற மாதிரி. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். கதையில் ஒரு குரு, ஐந்து சீடர்கள். சீடர்களின் பெயர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்.

ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிப்பது, ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி ஆள் ஒன்று குறைகிறது என்று அழுவது, பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வருவது. இதெல்லாம் நம் வீட்டுத் திண்ணைகளில் பல தலைமுறையாகச் சொல்லிச் சிரித்த கதைகள். நானும் அம்மாயி மடியில் கேட்டிருக்கிறேன். நான் இங்கே பேச நினைப்பது அந்த ஐந்து பெயர்களைப் பற்றி. அகராதி செய்தவர் பொறுக்கியெடுத்த ஐந்து பெயர்கள் அவை. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தால், 'அறிவில்லாதவன்' என்பதற்குப் பின்னால் வேறு எதுவோ ஒளிந்திருப்பது தெரிகிறது.

மட்டியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் இந்த வசவு வழக்கொழிந்து வருகிறது. கடற்கரை ஊர்களில் மட்டி என்றால் சேற்றில் கிடைக்கிற கிளிஞ்சல் வகை. நாகர்கோவில் பக்கம் போனால் அது ஒரு வாழைப்பழம். கடலே இல்லாத அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அதே கிளிஞ்சல், சிப்பி இனங்கள் கல்லாகக் கிடக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கான சாட்சி. நம் ஊர் சிமெண்டு ஆலைகள் அரைப்பது அந்தக் கடலைத்தான்.

மடையன் என்ற சொல்லைப் பற்றி வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏரியின் மடையைத் திறக்க உயிரைப் பணயம் வைத்து நீருக்குள் மூழ்கியவர்தான் மடையன், அந்த வீரரின் பெயரை வசவாக்கிவிட்டோம் என்று. கேட்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் சொல்லின் வழி அவ்வளவு தூரம் சுற்ற வேண்டியதில்லை. மடம் என்றால் அறியாமை. மடமை, மடந்தை, மடையன் எல்லாம் அதன் அக்கம்பக்கம். இன்னொரு மடையனும் அகராதியில் உண்டு: சமையல்காரர். மடைப்பள்ளி என்று கோயிலில் இன்னும் சொல்கிறோமே, அந்த மடை. மதகு திறந்தவர்களுக்கு மரியாதை செய்ய இந்தச் சொற்கதை தேவையே இல்லை. ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் வெட்டிய சோழகங்கத்தையும், கண்டராதித்தத்தில் இருக்கிற செம்பியன் மாதேவிப் பேரேரியையும் பார்த்தாலே போதும். அவ்வளவு பெரிய நீரைத் தேக்கி, அளந்து திறந்துவிட்ட மனிதர்களின் அறிவு அங்கே கரையாகக் கிடக்கிறது.

மடம் என்பதைப் பழைய தமிழ் முழுக்க இழிவாகவும் பார்க்கவில்லை. முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரியையும் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனையும் சொல்லும்போது கொடைமடம் என்றார்கள். கணக்குப் பார்க்கத் தெரியாத கொடை. அது பாராட்டு. பேதையும் அப்படித்தான். பெண்ணின் ஏழு பருவங்களில் முதல் பருவத்துக்குப் பேதை என்று பெயர். ஐந்தாறு வயதுக் குழந்தை. உலகம் தெரியாத வயது. நம் ஊரில் வெள்ளந்தி என்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பொருள். "அது வெள்ளந்தி, அதுக்கு சூது தெரியாது" என்று எங்கள் அப்பாயி யாரையாவது சொன்னால் அதில் அன்பு இருக்கும், கூடவே "ஏமாத்திராதீங்கடா" என்கிற எச்சரிக்கையும் இருக்கும்.

திருக்குறளில் பேதைமைக்கே ஓர் அதிகாரம் இருக்கிறது, 84ஆவது. அடுத்தது புல்லறிவாண்மை. அந்த இரண்டு அதிகாரத்தையும் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மெதுவாகக் கற்கிறவரையோ, மறந்துவிடுகிறவரையோ, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரையோ வள்ளுவர் அங்கே பேதை என்று சொல்லவில்லை. நன்மையை விட்டுவிட்டுக் கெடுதலைப் பிடித்துக்கொள்வது, ஊருக்குச் சொல்லிவிட்டுத் தான் அடங்காமல் நடப்பது, தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பது. இவைதான் அவருக்குப் பேதைமையும் புல்லறிவும். எல்லாம் நடத்தை. வளர்ந்த ஒரு மனிதர் தெரிந்தே செய்கிற காரியங்கள். ஏழாம் வாய்ப்பாடு வராத எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை.

ஐந்து பேரில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவன் மிலேச்சன்.

மிலேச்சன் என்பது மந்தபுத்திக்காரனைக் குறிக்கும் சொல்லே இல்லை. வடமொழியில் பேச்சு தெளிவில்லாதவன், புரியாத மொழி பேசுகிறவன், அதனால் அந்நியன், நாகரிகம் இல்லாதவன் என்று பொருள் வளர்ந்த சொல். கடல் கடந்து வந்த ஐரோப்பியர்களை நம் ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள். அதாவது, பெஸ்கியே அந்தச் சொல்லுக்கு உரியவர். அவரே அதை எடுத்து, முட்டாள் சீடர்களின் பெயர் வரிசையில் நான்காவதாக வைத்தார். தன்னைப் போன்றவர்களுக்கு விழுந்த வசவு அது என்று அகராதி செய்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அந்த வரிசை எனக்கு இப்படித்தான் படுகிறது: பேச்சு நமக்குப் புரியாதவனையும் அறிவில்லாதவனையும் நாம் ஒரே பாயில் உட்கார வைக்கிறோம்.

மூடன் அந்த வரிசையின் கடைசி ஆள். வடமொழியில் குழம்பிப் போனவன் என்று பொருள். மூடநம்பிக்கை என்ற கூட்டில்தான் இன்று அதிகம் பிழைத்திருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மிலேச்சனுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அவன் இன்றைக்கும் நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறான். பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. ஒரு பிள்ளை ஐந்து வயதில் முதல் முறையாகப் பள்ளிக்கு வரும்போது, டீச்சர் பேசும் தமிழ் அதற்கு இரண்டாவது மொழி. வீட்டில் தாய்மொழி, சந்தையில் தமிழ், பாசிமணி விற்கப் போகிற ஊரில் அந்த ஊர் மொழி என்று பேசிப் பழகுகிற பிள்ளை. மூன்று மொழி காதில் விழுந்து வளர்ந்த பிள்ளை வகுப்பில் பதில் சொல்லாமல் நின்றால், நாம் வைக்கிற பெயர் மக்கு. தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கும், வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைக்கும் இதேதான். தமிழ்வழியில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்குப் போகிற நம் பிள்ளைக்கு முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் நடப்பதும் இதேதான். நேற்றுவரை ஊரில் கெட்டிக்காரன். கல்லூரி வகுப்பில் வாய் திறக்க முடியாமல் ஒரே வாரத்தில் மண்டு ஆகிறான். அவன் மூளை ஒரு வாரத்தில் மாறிவிடுமா?

இனி மக்கு.

இந்தச் சொல்லின் புழக்கம் ரொம்ப விசித்திரமானது. மக்குதல் என்றால் மட்கிப்போதல். குப்பை வண்டி வரும்போது மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கிறோம். சின்ன வெங்காயம் போடுகிற செட்டிகுளம் பக்கத்து விவசாயியிடம் கேட்டால், நன்றாக மக்கின தொழு உரம்தான் வேண்டும், மக்காததைப் போட்டால் நிலத்துக்கு ஆகாது என்பார். தச்சரிடமும் பெயின்டரிடமும் மக்கு என்றால் மரத்தில் உள்ள ஓட்டையையும் கீறலையும் அடைக்கிற பசை. "மக்கு வச்சு தேச்சுட்டு பெயின்ட் அடிங்க" என்பார்கள். வயலிலும் பட்டறையிலும் நல்ல வேலை செய்கிற சொல், வகுப்பறைக்குள் நுழைந்ததும் பிள்ளையின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மடையனுக்கு ஆண் விகுதி உண்டு. மடச்சி என்று பெண்பாலும் உண்டு. மக்குக்குப் பால் கிடையாது. பையனும் மக்கு, பொண்ணும் மக்கு. மரியாதை விகுதியும் ஒட்டாது. மக்கு என்ற சொல் பெரும்பாலும் மேலிருந்து கீழே போகிறது. பெரியவர் சின்னவரைச் சொல்லலாம், ஆசிரியர் மாணவனைச் சொல்லலாம், அக்கா தம்பியைச் சொல்லலாம். சம வயதுக்காரர்கள், காதலிப்பவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் "போடா மக்கு" என்று சொல்லிக்கொண்டால் அதில் செல்லம் இருக்கிறது. திருப்பிச் சொல்லும் உரிமை இருவருக்கும் இருப்பதால்தான் அது செல்லமாகிறது. வகுப்பில் நிற்கிற பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. அதே சொல் அங்கே தீர்ப்பாகிவிடுகிறது.

அந்தத் தீர்ப்போடு சேர்ந்து வருகிற இன்னொரு வாக்கியம்: "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு." நான் படித்த காலத்தில் இதைக் கேட்காத நாள் குறைவு. சொன்ன ஆசிரியர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. படித்தால்தான் பிழைக்க முடியும் என்கிற பதற்றம் அவர்களுக்கு. ஆனால் கேட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் ஆடோ மாடோ இருந்தது. அப்பாவும் அம்மாவும் செய்கிற வேலையையே தண்டனையாகச் சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்?

மேய்ச்சல் என்ன சாதாரண வேலையா? எந்த மாதத்தில் எந்தப் புல் வயிற்றை உப்ப வைக்கும், இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் என்ன ஆகும், எந்த ஆடு இன்றைக்குக் குட்டி போடும், கூட்டத்தில் எது இரை எடுக்கவில்லை என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்த காட்டில் கிடை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தெற்கேயிருந்து ஆடு ஓட்டி வருகிற கீதாரிகள், இருட்டில் நடந்து வரும் நூற்றுக்கணக்கான ஆடுகளில் தங்கள் ஆட்டைத் தனியே அடையாளம் சொல்வார்கள். எந்தக் காட்டில் எத்தனை ராத்திரி கிடை மறிக்கலாம், அதற்கு என்ன கூலி என்பதெல்லாம் வாயாலேயே கணக்காகும். எங்கள் வகுப்பில் 'மக்கு' என்று பெயர் வாங்கி மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன், சினை ஆட்டைத் தொட்டுப் பார்த்துக் குட்டி ஒன்றா இரண்டா என்று சொல்வான். அவன் சொன்னது தப்பி நான் பார்த்ததில்லை. எட்டாவதோடு நின்றுவிட்டான்.

இன்றைக்குச் சமூக வலைத்தளங்களில் கட்சிச் சண்டை என்றால் முதலில் விழுகிற சொல் தற்குறி. எதிர்க்கட்சிக்காரன் எல்லாரும் தற்குறி. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? கையெழுத்துப் போடத் தெரியாமல் பத்திரத்தில் தன் குறியை மட்டும் இட்டவர் தற்குறி. கைநாட்டு என்பதும் அதேதான். என் அப்பாயி கைநாட்டு. அவர் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது நினைத்தும் பார்க்க முடியாத விஷயம். 2011 கணக்கெடுப்பில்கூட அரியலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 71 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியிருந்தது. பெரம்பலூர் 74ஐச் சற்றுத் தாண்டியது. மாநிலச் சராசரியோ 80. பள்ளிக்கூடம் வந்து சேராத ஊரில் பிறந்ததற்காக ஒருவரை அறிவில்லாதவர் என்று சொல்கிற சொல் அது. அதை வீசும்போது நம் பாட்டிமார்கள் மேல்தான் விழுகிறது என்பதை ஒரு நிமிடம் யோசித்தால் நல்லது.

இந்த வசவுகள் நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஆங்கிலத்தில் 'டன்ஸ்' என்றால் மக்கு. அந்தக் காலத்து மேலைநாட்டுப் பள்ளிகளில் காகிதக் குல்லாய் மாட்டி மூலையில் நிற்க வைத்த பிள்ளைக்கு அதுதான் பெயர். அந்தப் பெயர் 1308இல் மறைந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற தத்துவ அறிஞருடையது. நுண்ணறிவாளர் என்று அவர் காலம் அவருக்குப் பட்டம் கொடுத்தது. இருநூறு ஆண்டு கழித்து வந்த புதிய படிப்பாளிகள் அவர் வழி வந்தவர்களைக் கேலி செய்யப் போய், கூர்மையான ஒரு மூளையின் பெயர் மந்தபுத்திக்குப் பெயராகிவிட்டது. 'மோரான்' என்ற சொல்லை 1910இல் ஹென்றி கொடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அறிவியல் வகைப்பாடாக உருவாக்கினார். சோதனை மதிப்பெண் வைத்து மனிதர்களைத் தட்டுத் தட்டாகப் பிரிப்பதற்கு. கொஞ்ச காலத்தில் அது தெருவசவாகிவிட்டது.

சோதனை மதிப்பெண் என்றதும் குழுமூர் நினைவுக்கு வராமல் இருக்காது. அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்துக் கிராமம். அனிதா அந்த ஊர்ப் பெண். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். அதே ஆண்டு நீட் தேர்வில் 720க்கு 86. ஒரு தேர்வின்படி மாநிலத்தின் மிகச் சிறந்த மாணவிகளில் ஒருவர். இன்னொரு தேர்வின்படி மருத்துவம் படிக்கத் தகுதியில்லாதவர். உச்ச நீதிமன்றம் வரை போனார். செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். நீட் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும் இருக்கட்டும். அந்த நாட்களில் "தகுதி இல்லாதவங்க டாக்டராகி என்ன பண்ணுவாங்க" என்று எவ்வளவு எளிதாகப் பேசினார்கள் என்பதை நான் மறக்கவில்லை. இரண்டு தராசில் இரண்டு எடை காட்டியபோது தராசைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அதன் அரங்கத்துக்கு அனிதா பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் இரண்டு மாவட்டங்களுமே வெகுகாலம் மக்கு மாவட்டங்களாகத்தான் இருந்தன. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் பட்டியலில் பெயர் இருந்தது. அரியலூர் ஒரு மாவட்டமாக நிலைப்பதற்கே பாடுபட்டது: 2001இல் பிரித்தார்கள், 2002இல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007இல் மறுபடியும் பிரித்தார்கள். திருச்சியில் படிக்கப் போனால் "பெரம்பலூரா? வறண்ட பக்கமாச்சே" என்பார்கள், அந்த வறட்சி மண்ணுக்கு மட்டும் சொன்னதில்லை என்பது குரலிலேயே தெரியும்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2022 பிளஸ் டூ தேர்வில் 97.95 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம் பெரம்பலூர். 2023 பத்தாம் வகுப்பில் 97.67 விழுக்காட்டோடு முதலிடம் மறுபடியும் பெரம்பலூர். 2024 பத்தாம் வகுப்பில் 97.31 விழுக்காடு, முதலிடம் அரியலூர். 2025 பிளஸ் டூவில் 98.82, அதுவும் அரியலூர். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற, சுரங்க லாரிப் புழுதி பறக்கிற அதே ஊர்கள்தான். பிள்ளைகளின் மண்டையை யாரும் கழற்றி மாட்டவில்லை.

தேர்ச்சி விழுக்காடு மட்டுமே படிப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கெட்ட வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. நூற்றுக்கு நூறு என்று பேனர் கட்டுவதற்காக, தேறமாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாவதிலேயே டிசி கொடுத்து அனுப்பிவிடுவது. "தனித்தேர்வரா எழுதிக்கோ, டுடோரியல்ல சேந்துக்கோ" என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வது. அப்படி ஒரு அம்மா பள்ளி வாசலில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். "எம்புள்ளைக்குப் படிப்பு ஏறலையாம்" என்று பள்ளியில் சொன்னதையே தானும் திருப்பிச் சொன்னார். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

படிப்பு ஏறாததற்குக் காரணம் தேடினால் பல சமயம் கிடைத்துவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் காதில் சீழ் வடிவது ரொம்ப சாதாரணம். குளத்தில் குளிப்பார்கள், சளி பிடிக்கும், காதில் எண்ணெய் விட்டு விட்டுவிடுவார்கள். நாள்பட்டால் காது மந்தமாகும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளைக்கு டிக்டேஷன் பாதி காதிலேயே விழாது. பார்வை மங்கலான பிள்ளைக்குப் போர்டு தெரியாது. இதற்கு அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளியிலேயே பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கிறார்கள். எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற கற்றல் குறைபாடு இன்னொன்று; 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஒரு குறைபாடாகவே ஏற்றிருக்கிறது; தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. நம் கிராமத்துப் பள்ளிகளில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு முதல் இரண்டு பீரியட் எதுவும் ஏறாது என்பது காமராசர் காலத்திலேயே தெரிந்த விஷயம். காலை உணவுத் திட்டம் 2022இல்தான் வந்தது. இத்தனை காரணத்துக்கும் சேர்த்து நம்மிடம் இருந்தது ஒரே சொல்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளையை அடிக்கக் கூடாது என்பதோடு மனத்துன்பம் கொடுக்கவும் கூடாது என்கிறது. பிரம்பு ஓரளவு குறைந்துவிட்டது. இரண்டாவது பாதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கல்வித் துறை இப்போது 'மெல்லக் கற்போர்' என்று எழுதுகிறது. நல்ல எண்ணத்தில் வைத்த பெயர்தான். ஆனால் பிள்ளைகள் அதையும் ஒரே பருவத்தில் வசவாக்கிவிட்டார்கள்: "டேய், நீ மெல்லக் கற்போர் லிஸ்ட்டுடா." பட்டியல் என்று ஒன்றைப் போட்டுச் சத்தமாகப் படித்தால் எந்தப் பெயரும் கெட்டுத்தான் போகும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை அரியலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். மேலே சொன்ன முதலிடங்கள் அவரைப் போன்றவர்கள் சாயங்காலம் உட்கார்ந்து உருவாக்கியவை. அவர் பட்டியல் வைத்துக்கொள்வதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பெயர், அதற்குக் கீழே என்ன வரவில்லை என்பது மட்டும்: 'கழித்தலில் கடன் வாங்குவது', 'பின்னத்தில் கீழ் எண்', 'கேள்வியைப் படித்தால் புரியவில்லை, சொன்னால் புரிகிறது'. வந்ததும் அதை ஒரு கோடு போட்டு அடிப்பார். "மக்குன்னு எழுதினா அதுக்கு நான் என்ன பண்ண முடியும் தம்பி? கழித்தல் வரலைன்னு எழுதினா நாளைக்கு அதச் சொல்லிக் குடுப்பேன்" என்றார். சிறப்பு வகுப்பை ஆறு மணிக்கே முடித்துவிடுவார். அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு ஊருக்குப் போக டவுன் பஸ் கிடையாது. அந்தத் தடத்தில் ஏழு மணிக்கு இன்னொரு பஸ் விடச் சொல்லி அவரும் பெற்றோர்களும் மனு கொடுத்திருக்கிறார்கள்.